போர்வீரரின் பொழுதுபோக்கும் கம்பியில்லாத் தந்தியும்

போர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் தளபதியர் வகுத்த திட்டங்களையும், வென்ற களங்களையும், ஈற்றிற் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கைகளையுமே பெரிதும் எழுதுவர். ஆனாற் போர்வீரன் ஒருவனின் நாட்களிற் பெரும்பகுதி சண்டையிற் கழிவதன்று, காத்திருத்தலிற் கழிவது. சங்கப் புலவர் இதனை நன்கறிந்திருந்தனர். பாசறையைப் பாடவந்தவிடத்து, வாளொலியைக் காட்டிலும், நள்ளிரவில் உறக்கங்கொள்ளாத வேந்தனையும் நாழிகை அறிந்து சொல்வாரையும் அவர்கள் விரித்துப் பாடியமை அதனாலேயே போலும். அந்நெடும் பொழுதை ஒவ்வொரு காலத்துப் போர்வீரனும் ஏதேனுமொரு கைவேலையால் நிரப்பி வந்திருக்கின்றான். நெப்போலியன் காலத்திற் பிரித்தானியரிடஞ் சிறைப்பட்ட பிரெஞ்சு வீரர், தமக்கு உணவாகக் கிடைத்த இறைச்சியின் எலும்புகளைச் செதுக்கிச் சிறு கப்பல்கள் செய்து விற்றனர். 1914 தொடக்கம் 1918 வரை நடைபெற்ற முதலாம் உலகப் போரிற் பதுங்குகுழிகளிற் கிடந்தோர், சுட்டொழிந்த பீரங்கிக் குண்டுகளின் பித்தளைக் கூடுகளைப் பூச்சாடிகளாக்கினர். இவற்றுட் பல இன்றும் ஐரோப்பிய நூதனசாலைகளிற் காட்சிக்கு இருக்கின்றன.

இத்தகைய கைவேலைகளுள் ஒன்று மாத்திரம் நூதனசாலைப் பொருளாய் அடங்கிவிடவில்லை. அதுவே வானொலிக் கருவி கட்டுதல். ஊதியத்திற்காகவன்றி விருப்பத்தின் பொருட்டுக் கற்ற இவ்வறிவு, படையின் கருவிகள் யாவும் பறிபோனவிடத்தும் அதனைக் கற்றவனை விட்டு நீங்காது நின்றது. அவ்வறிவு எவ்வாறு வளர்ந்தது, போர்க்காலத்தில் யாருக்குப் பயன்பட்டது, அதன் பொருட்டு எத்தகைய விலை கொடுக்கப்பட்டது என்பவற்றை ஆராயுமிடத்து, இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் போர்களும் வேறொரு கோணத்திற் புலனாகும்.

மின்காந்த அலைகள் உளவென்பதை ஜேர்மானிய அறிஞர் ஹேர்ட்ஸ் 1887ஆம், 1888ஆம் ஆண்டுகளிற் செய்த பரிசோதனைகளால் நிறுவினார். 1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மார்க்கோனி, இங்கிலாந்தின் கோர்ன்வாலிலிருந்து அனுப்பப்பட்ட குறியொன்றை அத்திலாந்திக் சமுத்திரத்தின் மறுகரையிலுள்ள நியூபவுண்ட்லாந்திற் கேட்டதாக அறிவித்தார். அவ்வலைகளை உணரும் பொறியாக ஈயக் கனிப்பொருளான கலீனாவின் பளிங்கைப் பயன்படுத்தலாமெனக் கண்டு, 1904ஆம் ஆண்டிலே அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் வங்காளத்துப் பேரறிஞர் ஜகதீச சந்திர போஸ் ஆவர். இக்கண்டுபிடிப்பின் அருமை யாதெனில், பளிங்குத் துண்டொன்று மின்னோட்டத்தை ஒரு திசையில் எளிதிற் செல்லவிட்டு மறுதிசையிற் பெரிதும் தடுக்கும். அத்துண்டு, ஒரு கம்பிச்சுருள், ஓர் ஏரியல், காதிற் பொருத்துங் கேட்பொறி என்பன இருப்பின் அலையிற் பொதிந்துவரும் ஒலியைக் கேட்கலாம். பற்றரி வேண்டியதில்லை, விலையுயர்ந்த வால்வும் வேண்டியதில்லை. ஆகவே பாடசாலை மாணவர், கடைச் சிற்றூழியர், தந்திக் கந்தோர் எழுதுவினைஞர் முதலியோரும் இக்கலையிற் புகுந்தனர். இவர்களையே அமெச்சூர் வானொலியாளர் என உலகம் அழைக்கலாயிற்று. பிரித்தானியாவில் 1913ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டிலும் இவர்களுக்கெனச் சங்கங்கள் தோன்றின. அவை இன்றும் நிலைத்திருக்கின்றன.

அரசாங்கங்கள் இவர்களைத் தொல்லையாகவே கருதின. கப்பல்களின் செய்தியிற் குறுக்கிடுகின்றனர் எனக் கூறி, 1912ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இவர்களை 200 மீற்றரும் அதற்குக் குறைந்த நீளமுமுடைய அலைகளுக்குள் ஒதுக்கிற்று. நெடுந்தூரம் செல்வதற்கு நெட்டலைகளே வேண்டுமென அக்கால அறிஞர் நம்பியதால், பயனற்ற நிலத்தை ஒதுக்கிக் கொடுப்பதுபோல அவை கொடுக்கப்பட்டன. பின்னர் நடந்ததை நோக்கின், இதனினும் பெரிய நன்கொடையை எந்த அரசாங்கமும் அறியாமற் செய்ததில்லை எனலாம்.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டிற் போர் மூண்டதும் பிரித்தானிய அமெச்சூர்களின் கருவிகள் யாவும் அரசாற் கையேற்கப்பட்டன. 1917ஆம் ஆண்டில் அமெரிக்கா போரிற் புகுந்தபோது அங்கும் அவ்வாறே நடந்தது. ஆயினும் கருவிகளைப் பறித்த அதே அரசுகள் அவற்றை இயக்கிய இளைஞரைச் சமிக்ஞைப் படைகளிற் சேர்த்துக்கொள்ளத் தயங்கவில்லை. இவர்களுள் எட்வின் ஆம்ஸ்ட்ரோங் என்பார் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். நியூயோர்க்கை அடுத்த யொங்கர்ஸ் என்னும் ஊரிற் சிறுவனாயிருந்த காலத்திலேயே வீட்டு முற்றத்தில் உயர்ந்த ஏரியற் கம்பம் நாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த இவர், அமெரிக்கச் சமிக்ஞைப் படையின் அதிகாரியாகப் பாரிசுக்குச் சென்றார். அங்கு 1918ஆம் ஆண்டில் இவர் வகுத்த சுப்பர்ஹெற்றரோடைன் என்னும் மின்சுற்று முறை, பிற்காலத்தில் வீடுதோறும் இருந்த வானொலிப் பெட்டிகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

படையிற் கற்றதை வீட்டிற்குக் கொண்டு சென்றோரும் உளர். எட்வேர்ட் அப்பிள்டன் என்னும் இங்கிலாந்து இளைஞர் முதலாம் உலகப் போரிற் பொறியியற் படையிற் சமிக்ஞை அதிகாரியாகப் பணியாற்றியபோதே வானொலியில் ஈடுபாடு கொண்டார். வானத்தின் உயரத்தே வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் மின்னேறிய படை ஒன்று உளதென அவர் 1924ஆம் ஆண்டு டிசம்பரிற் பரிசோதனையால் நிறுவினார். 1947ஆம் ஆண்டில் நோபெற் பரிசும் பெற்றார். ஆயின் அப்படையின் ஆற்றலை உலகிற்குக் காட்டும் நிகழ்ச்சி அதற்கு இரு மாதங்களின் முன்னரே நடந்து முடிந்திருந்தது. அதனைச் செய்தோர் அறிஞர் அல்லர். போரிலிருந்து நோயுற்றுத் திரும்பிய ஒரு வீரரும், ஒரு பாடசாலை மாணவருமே ஆவர்.

வீரர் பிராங்க் பெல் என்பார். நியூசிலாந்தின் தென்தீவில், ஷாக் பள்ளத்தாக்கு என்னுமிடத்து ஆட்டுப்பண்ணைக் குடும்பத்திற் பிறந்தவர். பிரான்சின் போர்க்களத்திலிருந்து 1917ஆம் ஆண்டில் உடல்நலங் குன்றி ஊருக்கு அனுப்பப்பட்ட இவர், இளமையிற் பழகிய வானொலியிலே மீண்டும் மனத்தைச் செலுத்தினார். 1924ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆந் தேதி இவர் அனுப்பிய குறிகளுக்கு இலண்டனின் மில் ஹில் பாடசாலையிலிருந்து மறுமொழி வந்தது. மறுமொழி அனுப்பியவர் பதினெட்டு வயது மாணவரான செசில் கொய்டர். அவ்விரு இடங்களும் பூமியுருண்டையின் ஏறக்குறைய எதிர்ப்புறங்களில் உள்ளன. இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர். பெரிய அரசாங்கங்களும் கம்பனிகளும் வானளாவிய கோபுரங்களைக் கட்டிச் செய்யவேண்டியிருந்த வேலையை, பயனற்றவையென ஒதுக்கப்பட்ட சிற்றலைகளைக் கொண்டு பண்ணையொன்றிலிருந்தும் பள்ளிக்கூடமொன்றிலிருந்தும் இருவர் செய்து முடித்தனர். பின்னர் பெல் பண்ணைத் தொழிலுக்குத் திரும்பியபோது அவருடைய சகோதரி பிரெண்டா நிலையத்தை ஏற்று நடத்தி, நியூசிலாந்தின் முதற் பெண் அமெச்சூர் என்னும் பெயரைப் பெற்றார். கொய்டரின் பெயரை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1936ஆம் ஆண்டில் அவர் அகில இந்திய வானொலியின் பிரதம பொறியியலாளராக நியமனம் பெற்று இந்தியா வந்தார். 1938ஆம் ஆண்டிற் சென்னை நிலையமும், 1939ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி நிலையமும் தொடங்கப்பெற்றபோது அப்பதவியில் இருந்தவர் அவரே. டில்லியின் சிற்றலை நிலையமும் அவர் காலத்திலேயே எழுந்தது.

இலங்கையின் வானொலி வரலாறும் போரின் எச்சங்களோடு பிணைந்ததே. 1923ஆம் ஆண்டில், தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராயிருந்த எட்வேர்ட் ஹார்ப்பரின் வழிகாட்டலிற் கொழும்பில் முதற் பரீட்சார்த்த ஒலிபரப்பு நடைபெற்றது. அதற்கெனக் கட்டப்பட்ட கருவியின் உறுப்புக்கள், போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கம்பியில்லாத் தந்திப் பொறியிலிருந்து எடுக்கப்பட்டவை என்பர். கடலடியிலிருந்து கப்பல்களை வேட்டையாடுவதற்காக அமைக்கப்பட்ட பொறி கொழும்பிலே கிராமபோன் இசைத்தட்டை ஒலிபரப்பியது. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் தேதி ஒழுங்கான சேவை ஆரம்பமாயிற்று. இருபது ஆண்டுகளுக்குள் அதே வரலாறு இன்னும் பெரிய அளவில் மீண்டும் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போரிற் கண்டிக்கு வந்த தென்கிழக்காசியப் படைத்தலைமை, தன் வீரருக்கென இத்தீவில் ஒரு வானொலி நிலையத்தை நிறுவிற்று. போர் முடிந்தபின் அதன் ஆற்றல் மிக்க சிற்றலைப் பொறி இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெல்லாம் இலங்கை வானொலியின் பாடல்களைக் கேட்டதற்கு அப்பொறியே முதற் காரணம். போர்வீரரின் ஓய்வு நேரத்திற்கென வந்த பொருள் அது என்பதை அப்பாடல்களைக் கேட்டோருட் பலர் அறியார்.

இனி இரண்டாம் உலகப் போரிற்கு வருவோம். 1939ஆம் ஆண்டிற் பிரித்தானிய அமெச்சூர்களின் அனுப்பு கருவிகள் மறுபடியும் பறிக்கப்பட்டன. ஆனால் இம்முறை கேட்பு கருவிகளோடு அவர்களுள் ஏறத்தாழ 1,500 பேர் இரகசியமாக ஒரு பணிக்கு அழைக்கப்பட்டனர். நாட்டிற்குள் ஒளிந்திருக்கும் ஒற்றர் அனுப்பும் குறிகளைத் தேடுவதே அவர்களுக்கு முதலில் இடப்பட்ட வேலை. அத்தகைய ஒற்றர் மிகச் சிலரே இருந்தமையால், அவர்கள் செவியில் வீழ்ந்தவை ஐரோப்பாவெங்கணுமிருந்த ஜேர்மானிய உளவுத்துறையின் நிலையங்கள் தம்முட் பரிமாறிய செய்திகளாயிருந்தன. பகலிற் கடையிலோ சுரங்கத்திலோ வங்கியிலோ உழைத்தவர், இரவில் வீட்டின் ஒரு மூலையிலிருந்து, இரைச்சலின் நடுவே மெலிந்து ஒலித்த குறிகளை எழுத்தெழுத்தாகக் குறித்துப் பார்னெற் என்னும் ஊரின் தபாற்பெட்டி எண் ஒன்றிற்கு அனுப்பினார். அச்செய்திகள் பிளெட்ச்லி மாளிகையில் உடைத்தறியப்பட்டன. எழுதியவருக்கோ தாம் எழுதியது யாதென்று தெரியாது. வீட்டிலுள்ளோர்க்கும் சொல்லலாகாது. சொந்தச் சங்கத்தின் நண்பனிடமும் சொல்லலாகாது. உடல்நலமுள்ள ஆண்மகன் போருக்குச் செல்லாது வீட்டிலிருக்கின்றான் என்று அயலவர் கருதுவதையும் பொறுத்துக்கொள்ள நேர்ந்தது. போர் முடிந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்வரை இவர்களது தொண்டு வெளியுலகிற்குத் தெரியவரவில்லை.

விமானப் படையிலிருந்த வேறோர் இளைஞரின் பொழுதுபோக்கையும் இங்குக் கூறுதல் பொருந்தும். சிறுவயதிற் சொந்தத் தொலைநோக்கியால் நிலவை ஆராய்ந்த ஆதர் கிளார்க், போர்க்காலத்தில் றேடார் அதிகாரியாகப் பணியாற்றினார். பூமத்தியரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகமுழுவதற்கும் ஒலிபரப்பலாமென அவர் ஓய்வுப் பொழுதிற் கணித்தெழுதிய கட்டுரை, 1945ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கம்பியில்லாத் தந்தித் தொழிற் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. அப்போது அவர் விமானப் படையிலிருந்து விலகியிருக்கவில்லை. 1956ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து 2008ஆம் ஆண்டில் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார்.

இவையெல்லாம் வசதியுள்ள இடத்திற் செய்யப்பட்டவை. வசதி இல்லாவிடத்து நடந்ததே கவனிக்கத்தக்கது. 1944ஆம் ஆண்டு சனவரி 22ஆந் தேதி நேசப் படைகள் உரோமாபுரிக்குத் தெற்கேயுள்ள அன்சியோ கரையில் இறங்கின. முன்னேற முடியாமல் மே மாதம்வரை குழிகளுக்குள்ளே கிடந்தன. அவ்வீரர் கண்டுபிடித்த கருவியே பதுங்குகுழி வானொலி எனப் பெயர் பெற்றது. அதன் செய்முறை எளிது. மரக்கட்டையிலோ தடித்த கடதாசிக் குழலிலோ செப்புக் கம்பியை நூற்றுக்கு மேற்பட்ட சுற்றாக நெருக்கிச் சுற்றவேண்டும். சவரஞ் செய்து கழித்த பிளேட் ஒன்றைப் பலகையில் அறைந்து வைக்கவேண்டும். அதன்மேற் சட்டை ஊசியின் முனையில் இணைத்த பென்சிற் கரித்துண்டு மெல்லத் தொட்டு நிற்கவேண்டும். பளிங்கு செய்த வேலையை இங்குப் பிளேட் செய்கின்றது. உருக்கைப் பதப்படுத்தியபோது அதன் மேற்பரப்பிற் படிந்த நீலநிறமான ஒட்சைட்டுப் படலமே அதற்குக் காரணம். ஆகையால் நீலம்பாரித்த பிளேட்டுக்களை வீரர் தேடி வைத்துக்கொண்டனர். எல்லாப் பிளேட்டும் ஒலி தராது. ஒலி தரும் பிளேட்டிலும் எல்லா இடமும் ஒலி தராது. கரிமுனையை மயிரிழை அளவாக நகர்த்தி நகர்த்தி நல்லவிடத்தைக் கண்டபின் மூச்சுவிடவும் அஞ்சியிருக்கவேண்டும். இரவிற் கேட்டல் நலம். மத்திய அலைகள் இரவிலேயே நெடுந்தூரம் வரும். கேட்பொறி ஒன்றுதான் கையாற் செய்யமுடியாதது. அதனைப் படைக் களஞ்சியத்தில் எப்படியோ பெற்றனர்.

வீரருட் சிலர் இதனைக் கட்டியமைக்கு இன்னொரு காரணமுங் கூறினர். அக்காலத்து வால்வுக் கருவிகள் சில, கேட்கும்போதே தாமும் சிறிது அலையை வெளிவிடும். பகைவர் அதனைக் கொண்டு இருக்குமிடத்தை அறியக்கூடும். மின்சாரமே இல்லாத பிளேட் கருவியிலிருந்து யாதும் வெளிப்படாது. இக்கருவியில் அவர்கள் கேட்டவை தம் பக்கத்து இசை நிகழ்ச்சிகள் மாத்திரமல்ல. வீரரை மனந்தளரச் செய்யவென ஜேர்மானியர் நடத்திய ஒலிபரப்பும் அதே கரிமுனையில் வந்தது. பாட்டு நன்றாயிருப்பின் பகைவனுடையதாயினும் கேட்டனர்.

கீழ்த்திசையில் யப்பானியரிடஞ் சிறைப்பட்டோர் நிலையோ வேறு. அன்சியோவிற் கருவி ஒரு விளையாட்டு; இங்கு அது மரண தண்டனைக்குரிய குற்றம். 1942ஆம் ஆண்டு பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின் சிறைப்பட்ட பல்லாயிரவர் போர்னியோவிற்கும் சயாமிற்கும் பர்மாவிற்கும் அனுப்பப்பட்டனர். வெளியுலகச் செய்தி அறவே இல்லாதவிடத்து வதந்தி பெருகும். அது பொய்யாகுந்தோறும் மனிதன் சோர்வான். ஆதலால் மருந்துக்கு அடுத்தபடியாக அவர்கள் வேண்டியது மெய்ச்செய்தியே.

போர்னியோவின் சண்டக்கான் முகாமில் அவுஸ்திரேலியச் சமிக்ஞைப் படையினர் கட்டிய கருவியின் வரலாறு வியப்புக்குரியது. முகாமின் மின்சாரம் மாறுதிசை மின்சாரம். கருவிக்கு வேண்டியதோ ஒருதிசை மின்சாரம். அலுமினியத் துண்டையும் ஈயத் துண்டையும் அப்பச்சோடாக் கரைசலுள் நிறுத்தி மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்தினர். தேயிலைப் பெட்டியின் உட்புறத்து உலோகத் தகட்டைக் கொண்டு மின்தேக்கி செய்தனர். மின்தடைக்குக் கறுவாப்பட்டையைக் கருக்கி அக்கரியை நூலிற் பூசினர். தேயிலைப் பெட்டியும் கறுவாப்பட்டையும் இலங்கையர் அன்றாடங் காணும் பொருள்கள். அவற்றுள் இப்பயன் இருப்பதை நினைப்பதற்கு, கருவியின் ஒவ்வோர் உறுப்பும் என்ன செய்கின்றது என்பதை மனத்தில் முழுமையாக வைத்திருத்தல் வேண்டும். கடையில் வாங்கிப் பூட்டியவனுக்கு அது இயலாது. தானே கட்டிக் கெடுத்துத் திரும்பக் கட்டிப் பழகியவனுக்கே இயலும். ஏனைய உறுப்புக்களை ஊரவர் மறைவாகக் கொண்டுவந்து கொடுத்தனர்.

1943ஆம் ஆண்டு சூலையில் அது வெளிப்பட்டது. முகாமின் மறைவு இயக்கத்தை நடத்திய கப்டன் லயனல் மத்தியூஸ் 1944ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் தேதி கூச்சிங்கிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு உதவிய உள்ளூரார் எண்மரும் அதே நாளிற் கொல்லப்பட்டனர். மத்தியூசுக்கு இறந்தபின் ஜோர்ஜ் சிலுவை விருது வழங்கப்பெற்றது. அதிகாரிகளுட் பெரும்பாலார் கூச்சிங்கிற்கு மாற்றப்பட, எஞ்சிய ஏறத்தாழ 2,400 பேர் சண்டக்கானிலே தங்கினர். 1945ஆம் ஆண்டின் பட்டினியையும் மரண நடைகளையும் தப்பிப் பிழைத்தோர் அறுவரே.

சயாமிலே காஞ்சனபுரி முகாமிலிருந்த எரிக் லோமக்ஸ் என்னும் சமிக்ஞைப் படை அதிகாரி எடின்பரோவைச் சேர்ந்தவர். பதினாறு வயதில் தபாற்கந்தோர் வேலையிற் சேர்ந்து தந்தி பழகியவர். அவருடைய தனிவிருப்பமோ புகையிரதங்கள். இயந்திரங்களின் வகையையும் பாதைகளின் போக்கையும் தேடித் தேடிக் குறித்து வைப்பார். அத்தகையவரை விதி கொண்டுசென்று விட்டது, உலகிலேயே கொடிய புகையிரதப் பாதை போடப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில். அவருடைய தோழர்களுள் ஒருவர் கட்டிய கேட்பு கருவி ஒரு பேணியுள் அடங்குமளவு சிறியது. இரவில் இருளிற் படுக்கையிலிருந்தவாறே ஒருவர் கேட்பார்; ஏனையோர் காவல் நிற்பர். அவர்கள் கேட்டது புதுடில்லியிலிருந்து ஒலித்த அகில இந்திய வானொலியின் செய்தி. பதினெட்டு வயதில் நியூசிலாந்துப் போர்வீரரோடு சிற்றலையிற் பேசிய கொய்டர் அப்போது அந்நிலையத்தின் பொறிகளுக்குப் பொறுப்பாயிருந்தார்.

கேட்ட செய்தியைப் பரப்புவதற்கும் முகாம்களில் ஒரு முறைமை இருந்தது. கருவியிருக்குமிடம் சிலருக்கே தெரியும். செய்தியை உடனே சொல்லாது சில நாள் தாழ்த்திச் சொல்வர். இன்றேல் முகாமிற் காணும் மகிழ்ச்சியே காவலருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். எழுதிய தாளை எரித்துவிடுவர். இத்தனை எச்சரிக்கையும் போதவில்லை. 1943ஆம் ஆண்டு ஆகஸ்டின் இறுதியிற் கருவி அகப்பட்டது. லோமக்ஸ் தம் புகையிரத விருப்பத்தால் வரைந்து வைத்திருந்த பாதையின் படமும் பின்னர் அகப்பட்டது. அதிகாரிகள் வெயிலில் நிறுத்தப்பட்டுத் தடிகளால் அடிக்கப்பட்டனர். இருவர் இறந்தனர். லோமக்ஸின் கைகள் முறிந்தன. விசாரித்தோர் திரும்பத் திரும்பக் கேட்டது, யாருக்குச் செய்தி அனுப்பினீர் என்பதே. அக்கருவியால் அனுப்ப முடியாது, கேட்க மட்டுமே முடியும் என்பதை அவர்கள் நம்பவில்லை. அதே ஆண்டு ஒக்டோபர் 10ஆந் தேதி சிங்கப்பூரிலே சாங்கிச் சிறையைச் சோதனையிட்டபோதும் இந்த ஐயமே பிடித்தாட்டிற்று. அங்குப் பிடிக்கப்பட்ட 57 பேரிற் பதினைவர் இறந்தனர். லோமக்ஸ் உயிர்தப்பினார். தம்மை விசாரித்தபோது மொழிபெயர்ப்பாளராயிருந்த நாகசே தக்காஷியை 1993ஆம் ஆண்டிற் காஞ்சனபுரியிலே சந்தித்துப் பகை தீர்ந்தார். 1995ஆம் ஆண்டிலே தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார்.

லோமக்ஸ் பார்த்த அப்பாதை 415 கிலோமீற்றர் நீளமுடையது. 1942ஆம் ஆண்டில் தொடங்கி 1943ஆம் ஆண்டு ஒக்டோபரில் நிறைவெய்தியது. அதிலே உழைத்த நேசநாட்டுச் சிறைவீரர் 60,000க்கு மேற்பட்டோர். இறந்தோர் 12,000க்கு மேற்பட்டோர். ஆனால் அப்பாதையிற் பெருந்தொகையாய் உழைத்தோரும் இறந்தோரும் அவர்கள் அல்லர். பர்மியர், மலாயர், சாவகர், தமிழர் ஆகிய ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சம் வரையில் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. மலாயாவிலிருந்து சென்றோர் மாத்திரம் 70,000க்கு மேற்படுவர். அவர்களிற் பெரும்பாலார் றப்பர்த் தோட்டத் தமிழர். றப்பர் ஏற்றுமதி நின்று வேலையிழந்திருந்த அவர்களைச் சில மாத வேலை என்றும் நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி என்றும் சொல்லி முதலில் அழைத்தனர். ஆள் போதாதபோது பலவந்தமாகப் பிடித்தனர். சயாம் மரண ரயில் என்னும் பெயர் மலேசியத் தமிழரின் வாயில் இன்றும் வழங்குகின்றது. தண்டவாளத்திற்கெனப் பெயர்க்கப்பட்டதும் மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையே. யாழ்ப்பாணத்திலிருந்து சென்று மலாயாப் புகையிரதப் பகுதியிற் கடமையாற்றியோர் பலரின் குடும்பங்கள் இதனை நன்கறியும்.

சிறைவீரரின் முகாமில் மருத்துவர் இருந்தனர். கொதித்தாறிய நீரையே குடிக்கவேண்டுமென ஆணையிட அதிகாரி இருந்தார். இறந்தவனின் பெயரையும் நாளையும் மறைவாக எழுதி வைப்பவர் இருந்தார். வானொலி கட்டத் தெரிந்தவன் ஒருவனும் இருந்தான். தொழிலாளரின் முகாமில் இந்நால்வருள் ஒருவரும் இல்லை. 1943ஆம் ஆண்டு மாரியில் வாந்திபேதி பரவியபோது பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே மடிந்தனர். சிங்கப்பூரிலிருந்து சிறைவீரர் மருத்துவக் குழுக்கள் இரண்டு பின்னர் அனுப்பப்பட்டன. அவை சென்ற முகாம்கள் பலவற்றில் நோய் தன் வேலையை முடித்திருந்தது. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டில் யப்பான் சரணடைந்த செய்தி, காவலர் வாய்திறக்கு முன்னரே மறைவான கருவிகளின் வழியாகச் சிறைவீரரின் முகாம்கள் பலவற்றில் தெரிந்திருந்தது. அடுத்த காட்டிலிருந்த தோட்டத் தொழிலாளருக்கு அதனைச் சொல்ல யாருமில்லை. போர் முடிந்தபின் சிறைவீரருக்குக் கப்பல் வந்தது. தொழிலாளர் பலர் மாதக்கணக்கிற் சயாமிலேயே காத்திருந்தனர். காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 வீரர் பெயரும் படையும் வயதும் பொறித்த கற்களின் கீழ் அடங்கியிருக்கின்றனர். பாதையோரத்துக் காடுகளிற் புதைக்கப்பட்ட தொழிலாளருக்கு அத்தகைய பெயர்ப்பதிவேடு எந்நாளும் எழுதப்படவில்லை.